கரைப் பக்கத்து விரல்

1

இந்தக் கதைக்குக் காரணம் என் மூக்குக்கண்ணாடி. அதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுவது நல்லது.

காஞ்சிபுரத்தில் ஒரு பட்டு நெசவாளர் சங்கம். (எந்தத் தெருவில் என்று தேடிப் புறப்பட வேண்டாம். நான் போன இடம் வேறு. அதை இடித்துவிட்டுக் கதைக்கென்று இதைப் புதிதாகக் கட்டியிருக்கிறேன். ஒரு கூடமும் அறுபது நாற்காலியும் கொடுத்திருக்கிறேன், போதும்.) அந்தச் சங்கம் தன் நெசவாளர்களுக்காக ஒரு கைப்பேசிச் செயலியைச் சென்னை நிறுவனம் ஒன்றிடம் சொல்லிச் செய்வித்தது. சோதனைக்கு விட்ட முதல் வாரத்திலேயே, செயலியைத் தொட்டவர்களில் பாதிப் பேர் திரையைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்ப்பதாக நிறுவனத்தின் கணிப்பொறி சொன்னது. நெசவாளர்களுக்குக் கண் மங்கல், எழுத்துப் போதவில்லை என்று நிறுவனத்தார் முடிவு கட்டினார்கள். எழுத்தை இரண்டு மடங்காக்கினார்கள். அது போதுமா என்று பார்க்கக் கனத்த கண்ணாடி போட்ட ஆள் ஒருவர் தேவைப்பட்டார். ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர் இருக்கிறார், கூப்பிட்டால் வருவார் என்று யாரோ என் பெயரைச் சொல்லியிருக்கிறார்கள்.

போனேன். எழுத்து நன்றாகவே தெரிந்தது. என் வேலை நான்கு நிமிடத்தில் முடிந்தது. காப்பி வரட்டும் என்று உட்கார்ந்திருந்தபோது, எனக்கு அடுத்துச் சோதனைக்கு வந்த கணவனும் மனைவியும் ஒரு தவறு செய்தார்கள். அந்தத் தவறுதான் இந்தக் கதை.

ஒன்றை மட்டும் இப்போதே சொல்லிவிடுகிறேன். இந்தக் கதையில் பணயமாக இருப்பது ஒரு பெயர்: தையல்நாயகி. சங்கத்தின் நெசவாளர் பட்டியலில் அந்தப் பெயர் ஏறுமா, ஏறாதா? வாசகர் இந்தக் கேள்வியைக் கைவிடாமல் வந்தால் போதும். நடுவில் நான் எங்கெங்கோ திரும்புவேன். அதைப் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

2

தொடக்கங்கள் சிலவற்றை எழுதிப் பார்த்தேன்.

முதலாவது: "காஞ்சி மாநகரில், கோபுரத்தின் நிழல் நீண்டு விழும் வீதியொன்றில்——"

நிறுத்திவிட்டேன். இந்த ஊரைப் பற்றி எழுத உட்கார்ந்தால் பேனா தானாகக் கோபுரம் ஏறிவிடுகிறது. கதை நடப்பது சங்கத்துக் கூடத்தில். அதன் ஜன்னல் வழியே தெரிவது எதிர்ச்சாரி ஜெராக்ஸ் கடை.

இரண்டாவது: "அபிநயாவுக்கு இருபத்தேழு வயது. மெலிந்து நீண்ட அவளுடைய விரல்கள்——"

இதுவும் வேண்டாம். ஒரு பெண்ணை விரலிலிருந்து அறிமுகம் செய்வது சோம்பேறித்தனம். தவிர, இந்தக் கதையில் விரல்களுக்கு வேறு வேலை இருக்கிறது.

மூன்றாவது: "ஒரு காட்டில் ஒரு மரங்கொத்தி இருந்தது."

இது எனக்குப் பிடித்திருக்கிறது. மிருகங்களைப் பேசவைப்பது என் பழைய பலவீனம். ஐந்தாம் பிரிவில் மரங்கொத்தியைக் கொண்டுவருகிறேன். விலங்குக் கதையைத் தாங்கமாட்டாதவர்கள் அந்தப் பிரிவைத் தாண்டிப் போகலாம்; நான் கோபித்துக்கொள்ள மாட்டேன்.

ஆகவே கதையை அதன் தவறிலிருந்தே தொடங்குகிறேன்.

3

செயலியின் உள்ளே ஓடும் நிரலை எழுதுபவர்கள் வேறு ஆட்கள். எந்தப் பொத்தான் எங்கே இருக்க வேண்டும், என்ன நிறம், எத்தனை தொடுகையில் வேலை முடிய வேண்டும் என்று தீர்மானிப்பதுதான் அபிநயாவின் வேலை. தாமல் ஏரிக்குக் கீழே நிலம் வைத்திருக்கும் விவசாயக் குடும்பத்துப் பெண். தறி இருக்கும் வீட்டுக்குள் அதுவரை கால் வைத்ததில்லை. சோதனை நாள்களில் தாமலிலிருந்து பஸ் ஏறிச் சங்கத்துக்கு வந்துகொண்டிருந்தாள்.

அன்று அவள் மேசையின் எதிரே வீரபத்திரனும் அவர் மனைவி தையல்நாயகியும் உட்கார்ந்தார்கள். பிள்ளையார்பாளையத்தில் சொந்தத் தறி வைத்திருப்பவர்கள்.

"அண்ணா, ரொம்ப ஈசி. தெனமும் சாயங்காலம், அன்னிக்கு நெய்த வரைக்கும் ஒரு போட்டோ எடுக்கணும். எடுத்துட்டு இந்தப் பச்சை வட்டத்தைத் தொடணும். அவ்ளோதான். சேலை முடிஞ்சதும் அதுக்கு ஒரு சீட்டு வரும். வாங்கறவங்க போனை அதுமேல காட்டினா, நெய்தவர் பேரு வரும். அக்கா, நீங்க சும்மா பக்கத்துல உக்காந்து பாருங்க."

மாதிரிக்கு வைத்திருந்த சேலைப் படம் திரையில் வந்தது. வீரபத்திரன் பச்சை வட்டத்தில் விரலை வைத்தார். அதே நொடியில், வலப்பக்கத்திலிருந்து தையல்நாயகியின் விரலும் திரையில் இறங்கியது. படம் உப்பியது. சேலை போய்க் கரை மட்டும் ஆகி, கரை போய் ஒற்றை இழை திரை முழுவதும் கிடந்தது.

"இன்னாமா இது, நூலு தாம்புக்கயிறு மாதிரி ஆயிடுச்சி!" என்றார் வீரபத்திரன். மனைவியின் பக்கம் திரும்பி, "தையலு, நீ இன்னாத்துக்குக் கை வெச்ச?"

"நீங்க வெச்சீங்க. நான் வெச்சேன்."

"என்னைத்தான அமுக்கச் சொல்லிச்சி அந்தப் பொண்ணு?"

"ஏன், இத்த நீங்க மட்டுமா நெய்தீங்க?"

"இது நம்ம சேலையே இல்லமே. யாருதோ போட்டோ."

"யாருதா இருந்தா இன்னா. கோர்வை போட்டிருக்குதா, இல்லியா?"

இரண்டாம் முறையும் இருவர் விரலும் ஒன்றாகவே இறங்கின. மூன்றாம் முறை தையல்நாயகி இடக்கையால் தன் வலக்கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். அப்போது வீரபத்திரன் தன் விரலைக் கீழே இறக்கவே மறந்துவிட்டார்.

அடுத்த மேசையிலிருந்த ஜெயக்குமார், அபிநயாவின் குழுத்தலைவர், எட்டிப் பார்த்தார். "மறுபடியும் ஜூம் பண்றாங்களா? ஃபான்ட் இன்னும் பெருசு பண்ணணும் போல அபி."

முதல் வாரம் கணிப்பொறி சொன்ன எண்ணிக்கையை அபிநயா மனத்துக்குள் திரும்பப் படித்துக்கொண்டிருந்தாள். பெரிதாக்கியவர்களில் ஒருவருக்குக்கூடக் கண் மங்கல் இல்லை. அத்தனை பேரும் இரண்டு பேராக வந்து தொட்டிருக்கிறார்கள்.

(அடிக்குறிப்பு, பக்கத்தின் அடியில் இடமில்லாததால் இங்கேயே: கைப்பேசிக்கு ஒரு நேரத்தில் ஒரே ஓர் ஆளைத்தான் தெரியும். திரையில் இரண்டு விரல் பட்டால் இரண்டும் ஒருவருடையவை என்றே அது எடுத்துக்கொள்ளும். படத்தைப் பெரிதாக்கச் சொல்கிறார் என்று நினைத்துப் பெரிதாக்கிக் காட்டும். இரண்டு பேர் சேர்ந்து ஒரு வேலையைச் செய்யக்கூடும் என்று அதற்கு யாரும் சொல்லிவைக்கவில்லை.)

4

இங்கே அபிநயாவின் மேல் எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. மாதச் சம்பளத்துக்கு வேலை பார்க்கும் பெண். எழுத்தைப் பெரிதாக்கு என்றால் பெரிதாக்கிவிட்டுப் போகலாம். அவள் ஏன் இதைப் பிடித்துக்கொண்டு தொங்க வேண்டும்?

முதல் பிரதியில் அவளுக்கு ஒரு தாயைப் படைத்தேன். வாழ்நாளெல்லாம் உழைத்தும் எந்த ஏட்டிலும் பெயர் ஏறாத தாய். இரண்டு பக்கம் எழுதினேன். எழுதும்போது கண்கூடக் கலங்கியது. பிறகு கிழித்துப் போட்டேன். ஒரு பெண் நியாயத்தைக் கண்டுகொள்ள வேண்டுமென்றால் அவளைப் பெற்றவள் துன்பப்பட்டிருக்க வேண்டும் என்று எவர் விதித்தார்? அபிநயாவின் தாய் தாமலில் சௌக்கியமாக இருக்கிறார். ரேஷன் அட்டையில் முதல் பெயரே அவருடையதுதான்.

அபிநயா ஒரு திரையை வரைந்திருந்தாள். அது தவறாக இருந்தது. தான் செய்த வேலை தவறாக இருப்பது அவளுக்குப் பொறுக்கவில்லை. இந்தக் காரணம் போதாது என்பவர்கள், தாங்கள் செய்த வேலையைக் கடைசியாக எப்போது திரும்பிப் பார்த்தார்கள் என்று எண்ணிப் பார்க்கட்டும்.

மறுநாள் அவள் பிள்ளையார்பாளையத்துக்குப் போனாள். வீரபத்திரன் தறிக்குழியில் கால்களை இறக்கி உட்கார்ந்திருந்தார். மாம்பழ நிறச் சேலை, அரக்குக் கரை. அவருக்கு வலப்பக்கம், தறியின் ஓரத்தில், தையல்நாயகி. வீரபத்திரன் சேலையின் உடலுக்கான நூல் சுற்றிய நாடாவை வீச, அது பாவு இழைகளுக்குள் ஓடிக் கரையின் விளிம்பில் நின்றது. அங்கே தையல்நாயகி கரைக்கென்று வேறாக வைத்திருந்த அரக்கு நாடாவைச் செலுத்தி, இரண்டு நிற இழைகளையும் ஒன்றோடொன்று கோத்துவிட்டார். இதற்குத்தான் கோர்வை என்று பெயர். அப்புறம்தான் வீரபத்திரன் பலகையை இழுத்து அடித்தார். மறுபடி அவர், மறுபடி இவர், மறுபடி அடி. இருவரில் எவரும் மற்றவரை நிமிர்ந்து பார்க்கவில்லை.

"அக்கா ஒருநாள் ஊருக்குப் போயிட்டா என்ன பண்ணுவீங்கண்ணா?"

"டீ குடிப்பேன்."

"அப்புறம்?"

"இன்னொரு டீ குடிப்பேன். கரை ஆளு இல்லாம கோர்வை எப்டிமா ஓடும்?"

தையல்நாயகி நாடாவைக் கீழே வைத்தார். "மூணு தரம் சங்கத்துல மெம்பர் ஆவறதுக்கு எழுதிக் குடுத்தேன்மா. மூணு தரமும் 'கூட உக்காருபவர்'னு எழுதித் திருப்பிட்டாங்க. இருவத்திரண்டு வருசமா நான் இன்னா, இவருக்கு விசிறிக்கினா உக்காந்துக்கினு இருக்கேன்?"

"விசிறினாக்கூட நல்லாத்தான் இருக்கும்," என்றார் வீரபத்திரன்.

தையல்நாயகி பக்கத்தில் கிடந்த, நூல் சுற்றும் காலித் தார்க்குச்சியை எடுத்து அவர்மேல் எறிந்தார். குறி தப்பவில்லை.

சிரிப்பு அடங்கியதும் அபிநயாவுக்கு விஷயம் முழுவதும் விளங்கியது. சங்கத்தின் பழைய உறுப்பினர் பேரேடு இந்த ஆண்டோடு போகிறது. இனிமேல் செயலியில் யார் பெயர் பதிவாகிறதோ அவரே நெசவாளர். அவருக்கே சங்கத் தேர்தலில் ஓட்டு. அந்தப் பட்டியல் மூன்றாண்டுக்கு ஒருமுறைதான் திறக்கப்படும். செயலியின் திரையிலோ, பெயருக்கு ஒரே ஒரு கட்டம். தொடுவதற்கு ஒரே ஒரு வட்டம். பேரேட்டில் குமாஸ்தா எழுதிய 'கூட உட்காருபவர்' என்பதை, ஒரு சொல்லும் எழுதாமல், அவளே திரையில் வரைந்து வைத்திருந்தாள்.

5

மரங்கொத்தி வருகிறது.

ஒரு காட்டில் மழைக்காலம் நெருங்கியது. எல்லா உயிர்க்கும் பொதுவாக, ஒரு முதிய மரத்தைக் குடைந்து வீடு செய்து தருவதாக மரங்கொத்தி ஏற்றுக்கொண்டது. பகலெல்லாம் கொத்தி, தன் உடம்பையே வைத்து அளந்து, அழகான வட்ட வாசல் ஒன்றை அமைத்தது. மழையும் வந்தது. உள்ளே வந்து சேர்ந்தவர்களிடம் மரங்கொத்தி மிகப் பணிவாகக் கேட்டது: "வாசல் வசதியாக இருக்கிறதா?" சிட்டுக்குருவி, "மிக வசதி" என்றது. அணில், "இடுப்பில் கொஞ்சம் உரசியது, பழகிவிடும்" என்றது. நூற்றுக்கு நூறு பேருக்கும் திருப்தி என்று மரங்கொத்தி மரப்பட்டையில் கொத்தி வைத்தது. வெளியே நனைந்துகொண்டிருந்த மயில் ஒன்றும் சொல்லவில்லை. கேள்வி கேட்கப்பட்டது உள்ளேதான். இதனால் அறியப்படும் நீதி யாதெனில்——

இல்லை. நீதியை எழுதப்போவதில்லை. படித்துப் பார்த்தால் கதை ஜெயக்குமாருக்கு அநியாயம் செய்கிறது. அவர் மரங்கொத்தி அல்லர். இந்தச் செயலி முழுவதும் தமிழில்தான் இருக்க வேண்டும் என்று தம் மேலதிகாரிகளோடு சண்டை போட்டு வாங்கியவர் அவர். மேலும், மயிலை நான் பேசாமல் நனையவிட்டேன். தையல்நாயகி அப்படிப் பேசாமல் நனைகிறவர் இல்லை என்பது உங்களுக்கே இதற்குள் தெரிந்திருக்கும். நீதிக்கதை எழுதுகிறவனுக்கு வரும் வியாதி இது: தவறு செய்யும் இடத்தில் நல்லவனை வைக்கமாட்டான், நனைபவரைப் பேசவிடமாட்டான். அடித்துவிடலாம் என்றுதான் பேனாவை எடுத்தேன். பிறகு, நான் சறுக்கிய இடமும் தெரியட்டும் என்று விட்டுவைத்தேன்.

6

அபிநயா புதிய திரையை மூன்று நாளில் வரைந்தாள். படத்தின் இடப்பக்கம் ஒரு வட்டம், வலப்பக்கம் ஒரு வட்டம். இரண்டையும் இரண்டு பேர் ஒரே நேரத்தில் தொட்டால்தான் பதிவாகும். இரண்டு பெயரும் ஏறும். கோர்வை இல்லாத சேலை நெய்பவர்களுக்கு முன்போல ஒரே வட்டம்.

பிள்ளையார்பாளையத்திலும் ஐயம்பேட்டையிலும் பதினான்கு கோர்வைத் தறிகளுக்கு அதை எடுத்துப்போய்க் காட்டினாள். பிறகு ஜெயக்குமாரின் முன் வைத்தாள்.

"அபி, ஒரு ஸ்கிரீன், ஒரு வேலை, ஒரு விரல். காலேஜ்ல சொல்லித் தரலையா? இது என்ன விளையாட்டு?"

"பதினாலு வீட்லயும் போனைக் கையில குடுத்துட்டுப் பேசாம இருந்தேன் ஜெயக்குமார். எப்படித் தொடணும்னு ஒரு வார்த்தை சொல்லலை. பதினாலு ஜோடியும் மொதல் தடவையே சரியாத் தொட்டாங்க. சொல்லித் தராமலே சரியா வந்தா, அதுதானே நல்ல டிசைன்?"

"அந்தம்மாவுக்கு ஒருநாள் உடம்பு சரியில்லன்னு வை. படுத்திருக்காங்க. அன்னிக்கு அவரு எப்படிப் பதிவு பண்ணுவாரு?"

"அன்னிக்குத் தறியே ஓடாதே. தறி ஓடாதப்ப ஆப் மட்டும் எதுக்கு ஓடணும்?"

ஜெயக்குமார் சிரித்துவிட்டார். சிரித்தபடியே தலையையும் அசைத்தார். "சங்கம் கேட்டது ஒரு பேரு. நாம ஒப்பந்தத்துல எழுதிக் குடுத்ததும் ஒரு பேரு. வெள்ளிக்கிழமை கூட்டத்துல காட்டறது அதைத்தான். இதை அடுத்த வெர்ஷன்ல பாக்கலாம்."

"பட்டியல் வெள்ளிக்கிழமையோட மூடறாங்க."

"தெரியும்."

"மூணு வருஷம் ஆகும் திரும்பத் திறக்க."

"தெரியும்ங்கறேன்ல?" அவர் குரல் தாழ்ந்தது. "பழைய ஸ்கிரீனை ரெடியா வை அபி. உன் நல்லதுக்குத்தான் சொல்றேன்."

அவள் வைக்கவில்லை. (இந்த வாக்கியத்துக்கு முன்னால் "அவள் நெடுநேரம் யோசித்தாள்" என்று எழுதியிருந்தேன். எடுத்துவிட்டேன். அவள் யோசித்ததாகத் தெரியவில்லை.)

7

இதற்கிடையில் எனக்கு ஒரு கடிதம் வந்தது. இதுவரை எழுதியதை ஒரு பத்திரிகைக்கு அனுப்பியிருந்தேன். ஆசிரியர் அன்பானவர். கடிதமும் அன்பாகவே இருந்தது.

"கதை நன்று. ஆயினும் வாசகருக்கு இன்னும் எளிதாக இருக்கலாம். அபிநயா, தையல்நாயகி என்று இரண்டு பெண்கள் வருவதால் இது எவருடைய கதை என்ற மயக்கம் நேர்கிறது. ஒருவரைக் குறைத்துவிடலாம். அடைப்புக்குறிகளையும் அறுந்த வாக்கியங்களையும் நீக்கி, தெளிவான ஒரு முடிவையும் வைத்து அனுப்பினால் மகிழ்வோம்."

நான் எழுதிய பதிலை, மரியாதைக்குரிய முதல் வரியை விட்டுவிட்டு, இங்கே தருகிறேன்:

"யாரைக் குறைக்கச் சொல்கிறீர்கள்? தையல்நாயகியைக் குறைத்தால், குமாஸ்தா மூன்று முறை திருப்பிய அவர் மனுவை நான்காவது முறை திருப்பியவன் நானாவேன். அபிநயாவைக் குறைத்தால், தவறு ஒன்று இருக்கும். அதைத் தவறு என்று கண்டவர் இருக்கமாட்டார். வாசகர் குழம்புவார் என்கிறீர்கள். நாற்பதாண்டுக் காலம் வகுப்பறையில் எட்டு வயதுக் குழந்தைகளுக்குக் கதை சொன்னவன் நான். சிங்கமும் முயலும் ஒரே கதையில் வந்தால், ஐயா, இது யாருடைய கதை என்று ஒரு குழந்தையும் கேட்டதில்லை. அறுந்த வாக்கியங்கள் இருந்த இடத்திலேயே இருக்கும். முடிவைப் பற்றி எனக்கே இன்னும் தெரியாது. கதையைத் திருப்பி அனுப்பினால் வருத்தப்பட மாட்டேன்."

திருப்பி அனுப்பினார். வருத்தப்பட்டேன். ஆனால் ஒரு வரியையும் மாற்றவில்லை.

8

வெள்ளிக்கிழமை காலை பத்தரை மணி. சங்கத்துக் கூடத்தில் அறுபது நாற்காலியும் உறுப்பினர்களால் நிறைந்திருந்தன. உறுப்பினர் அல்லாதவர்கள், அதாவது பெண்கள், பின்சுவரோரம் செருப்பு விடும் இடத்தருகே நின்றார்கள். முன்னால் மேசை, மேசைக்குப் பின்னால் சங்கத் தலைவர் குமாரவேல். அவருக்கு ஒருபுறம் ஜெயக்குமார், மறுபுறம் அபிநயா.

அபிநயா தன் கைப்பேசியில் இரண்டு வட்டத் திரையைத் திறந்து தலைவரிடம் நீட்டினாள். அவர் இடப்பக்க வட்டத்தில் விரலை வைத்தார். வைத்துக்கொண்டே இருந்தார்.

"வேலை செய்யலியேமா."

"தனியாத் தொட்டா செய்யாது சார். கோர்வைச் சேலைக்கு ரெண்டு பேரு வேணும். ரெண்டு பேர் பேரும் பட்டியல்ல ஏறும்."

"இது இன்னாமா, ஆப்பா, கல்யாண மண்டபமா? ஜோடியா வந்தாத்தான் உள்ள உடுவீங்களா?"

கூடம் சிரித்தது. "ஊட்டம்மாவைக் கூப்பிடுங்க தலைவரே!" என்று யாரோ கத்த, இன்னொரு சிரிப்பு. அபிநயா கையைப் பின்னுக்கு இழுக்கவில்லை. கைப்பேசியை நீட்டியபடியே நின்றாள்.

குமாரவேல் கெட்ட மனிதர் அல்லர். (மரங்கொத்தியிடம் பட்ட பாட்டுக்குப் பிறகு இதில் கவனமாக இருக்கிறேன்.) அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "பட்டியல் இன்னிக்கே ஒட்டணும்பா. தேர்தல் தேதி சொல்லியாச்சி. இந்த ரெண்டாவது பேரு விவகாரத்தை அடுத்த வெர்ஷன்ல பாத்துக்கலாம். இப்ப ஆவற வேலையைப் பாருங்க."

"அடுத்த வெர்ஷன் எப்பங்க?" பின்சுவரிலிருந்து குரல் வந்தது. தையல்நாயகி. "அடுத்த ஜென்மத்துலியா? அப்ப நான் தறியில பொறப்பேனோ, தறிக்குழியில தேளாப் பொறப்பேனோ, யாரு கண்டா?"

"நீ சும்மா இரும்மா. மெம்பருங்க பேசிக்கினு இருக்கோம்ல?"

"அதாங்க நானும் சொல்றேன். மெம்பரா இருந்திருந்தா சும்மாத்தான் இருந்திருப்பேன். இவரு மாதிரி நாக்காலியில உக்காந்துக்கினு தூங்கியிருப்பேன்."

மூன்றாம் வரிசையில் உட்கார்ந்திருந்த வீரபத்திரன் சட்டென்று நிமிர்ந்தார். "நான் தூங்கலபா," என்றார் பொதுவாக.

ஜெயக்குமார் அபிநயாவின் பக்கம் குனிந்தார். "பழைய ஸ்கிரீனை ஓப்பன் பண்ணு."

"அது எங்கிட்ட இல்ல."

"எங்கிட்ட இருக்கு. என் போன்லயே நீ காட்டு. டிசைன் பண்ணவங்கதான் காட்டணும்."

"காட்ட மாட்டேன் ஜெயக்குமார்."

"அபி, எல்லார் முன்னாடியும் வேணாம்."

"எல்லார் முன்னாடியும்தான தப்பான ஸ்கிரீனைக் காட்டப்போறோம்? அது தப்புன்னு எனக்குத் தெரியும். உங்களுக்கும் தெரியும். தெரிஞ்சே எப்படிச் சிரிச்சிக்கிட்டு நீட்டறது?"

அவள் குரல் கடைசி வரிசை வரை கேட்டது. ஜெயக்குமார் ஒரு கணம் அவளைப் பார்த்தார். பிறகு தம் கைப்பேசியைத் தாமே எடுத்தார். ஒரே ஒரு பச்சை வட்டம். "மொதல் பதிவு யாருது? வீரபத்திரன் அண்ணா, வாங்க."

வீரபத்திரன் எழுந்து வந்தார். விரலை வேட்டியில் துடைத்துக்கொண்டார். கைப்பேசியை மேசைமேல் வைத்தார்கள். மாம்பழ நிற உடலும் அரக்குக் கரையுமாய், அவருடைய தறியில் இருக்கும் சேலைதான் திரையில் இருந்தது. அவர் விரல் பச்சை வட்டத்துக்கு நேராக இறங்கி, கண்ணாடிக்கு ஒரு நூல் உயரத்தில் நின்றது.

நின்றுவிட்டது.

"தொடுங்கண்ணா."

"இருபா. அவ இன்னும் வரலியே."

"அவங்க வேண்டாம்ணா. இது சிங்கிள் வெர்ஷன். நீங்க மட்டும் தொட்டாப் போதும்."

"புரியுதுபா, புரியுது." வீரபத்திரன் தம் விரலையே பார்த்துக்கொண்டிருந்தார், அது வேறு யாருடையதோ என்பதுபோல. "கை வர மாட்டேங்குது."

9

இனி முடிவு. எழுதிப் பார்த்தவற்றை மறைக்காமல் தருகிறேன்.

ஒன்று: வீரபத்திரன் தொட்டுவிடுகிறார். பட்டியல் ஒட்டப்படுகிறது. தையல்நாயகி செருப்பை மாட்டிக்கொண்டு வீட்டுக்குப் போகிறார். மறுநாளும் அரக்கு நாடாவைக் கையில் எடுக்கிறார். இது நடக்கக்கூடியதுதான், தினந்தோறும் நடப்பதுதான். நடப்பது என்ற ஒரே காரணத்துக்காக நான் இதை எழுதிக்கொடுக்க வேண்டும் என்று கட்டாயமில்லை.

இன்னொன்று: வீரபத்திரன் விரலை மடக்கிக்கொண்டு, "ரெண்டு பேரு போடுங்க, இல்லன்னா என் பேரும் வேணாம்" என்கிறார். கூடம் எழுந்து கைதட்டுகிறது. கைதட்டும் கூடங்களை நான் நம்புவதில்லை. அவர் அப்படிப் பேசுகிறவரும் அல்லர். அவர் சொன்னது கை வரவில்லை என்பது மட்டுமே. அது எதிர்ப்பா, இருபத்திரண்டு ஆண்டுப் பழக்கமா என்று என்னைக் கேட்காதீர்கள். அவரையும் கேட்காதீர்கள். அவர் கையைக் கேளுங்கள்.

மற்றொன்று: அபிநயாவின் வேலை போகிறது, அவள் சொந்தமாக நிறுவனம்——

இதைப் பாதியில் விட்டேன். அவள் வேலை திங்கட்கிழமை போகலாம், போகாமலும் இருக்கலாம். அவள் செய்ய வேண்டியதை வெள்ளிக்கிழமையே செய்துவிட்டாள். சன்மானமும் தண்டனையும் கொடுத்து அதைப் பெரிதாக்க எனக்கு விருப்பமில்லை.

கடைசியாக, எனக்கு மிகவும் பிடித்தது: தையல்நாயகி பின்சுவரை விட்டு நகர்கிறார். வரிசைகளின் நடுவே தலைநிமிர்ந்து நடக்கிறார். மேசையை அடைகிறார். அபிநயாவின் கைப்பேசியை எடுத்துக் கணவர் முன் வைத்து, வலப்பக்க வட்டத்தில் விரலை வைக்கிறார். இருவர் விரலும் ஒன்றாக இறங்குகின்றன. இதை மூன்று முறை எழுதினேன். மூன்று முறையும் நன்றாகத்தான் வந்தது. மூன்று முறையும் அடித்தேன்.

ஏன் என்று சொல்கிறேன். கதைகளில் எப்போதும் சுவரோரம் நின்றவர்களே நடந்து வருகிறார்கள். நிற்பதும் அவர்கள் பாடு, நடப்பதும் அவர்கள் பாடு, துணிச்சல் காட்டுவதும் அவர்கள் பாடு. உட்கார்ந்திருப்பவர்கள் பார்த்து நெகிழ்கிறார்கள். இருபத்திரண்டு ஆண்டு நாடா போட்ட அந்த அம்மாளை இன்னும் எட்டு வரிசை நடக்கவைக்க நான் ஒப்பவில்லை. அவர் செய்ய வேண்டியது எதுவும் பாக்கி இல்லை.

ஆகவே கதையை இந்த இடத்தில் நிறுத்துகிறேன். எல்லாம் அப்படியே இருக்கிறது. ஒற்றை வட்டத்தின் மேல் வீரபத்திரனின் விரல் இன்னும் இறங்கவில்லை. பக்கத்தில் அபிநயாவின் கையில் இரண்டு வட்டத் திரை எரிகிறது. இன்னும் அரை நிமிடம் எவரும் தொடாவிட்டால் அது தானாக அணைந்துவிடும். தலைவர் மறுபடியும் கடிகாரத்தைப் பார்க்கிறார். தையல்நாயகி சுவரோரம் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறார், கெஞ்சவுமில்லை, கிளம்பவுமில்லை. ஒரு வார்த்தையோடு இதை முடித்துவிட என்னால் முடியும். முடிக்க மாட்டேன்.

வாசகரே, இவ்வளவு நேரமும் நீங்கள் இந்தக் கூடத்தில்தான் இருக்கிறீர்கள். உட்கார்ந்துதான் படித்துக்கொண்டிருக்கிறீர்கள். மேசைக்கு மிக அருகில், முன்வரிசையில், வலது ஓரத்து நாற்காலி உங்களுடையது. அந்த அம்மாளுக்கு அந்த இடம் வேண்டும்.

எழுந்திருங்கள்.